ராத்திரி பதினொன்றரை

பார் நடத்துகிறவர்களுக்கு வருஷத்தில் ஒரு மாதம் சரியாகத் தூக்கம் வராது. லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதம். மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் காகிதம் தனி, போலீஸ் தனி, கார்ப்பரேஷன் தனி, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று தனி, சமையலறைக்கு உணவுப் பாதுகாப்புத் துறை தனி. ராத்திரி பாட்டு போட்டால் பாட்டின் உரிமையாளர்களுக்குப் பணம் கட்ட வேண்டும். மேடை போட்டு யாராவது ஆடினால், பாடினால் அதற்குக் கேளிக்கை அனுமதி.

நான் படித்தது பி.காம். எந்த ஃபைலைப் பார்த்தாலும், யார் பணம் கட்டுகிறார், யார் கையெழுத்துப் போடுகிறார் என்றுதான் கண் முதலில் போகும். இந்த ஃபைலில் ஏறக்குறைய எல்லோருடைய கையெழுத்தும் இருக்கும். ஒருவருடையது மட்டும் இருக்காது. பார் சுவரை ஒட்டிக் குடியிருப்பவர். ராத்திரி ஒரு மணிக்கு காலி பாட்டில்களை மொத்தமாகத் தொட்டியில் கொட்டும் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்கிறாரே, அவர்.

அவரை யாரும் கேட்பதில்லை. கேட்காததால் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்றால், இல்லை. அந்த இடத்தில் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். மந்திரி, கட்சிக்காரர், கலாசாரக் காவலர், சில சமயம் எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள். இவர்கள் யாரும் சத்தத்தைப் பற்றியோ, அவசர வழியைப் பற்றியோ, பத்து மணிக்கு மேல் தெருவில் நிற்கும் கார்களைப் பற்றியோ பேச மாட்டார்கள். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு லைசென்ஸைக் கொடுப்பதா, நிறுத்துவதா என்கிற சாதாரண நிர்வாக வேலை நம் நாட்டில் எப்போதும் பெண்களின் மானம் சம்பந்தப்பட்ட பெரிய வழக்காக மாறிப்போவது இதனால்தான்.

மும்பை டான்ஸ் பார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாலு வருஷம் ஓடிய கதை. நம்மில் பலருக்கு இது ஏதோ இந்திப் பட சமாசாரம் என்ற அளவில்தான் தெரியும்.

மகாராஷ்டிராவில் பாரில் நடனம் வைப்பது புதுசாக முளைத்த திருட்டு வியாபாரம் அல்ல. பொதுக் கேளிக்கை இடங்களுக்கென்று 1960ல் போட்ட விதிகள் இருந்தன. அவற்றின் கீழ் லைசென்ஸ் வாங்கி, வருஷா வருஷம் புதுப்பித்து, கட்டணம் கட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். 2005ல் அப்போதைய உள்துறை மந்திரி ஆர்.ஆர். பாட்டீல் இதை ஒழித்தே தீருவது என்று கிளம்பினார். பம்பாய் போலீஸ் சட்டத்தில் 33ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆகஸ்ட் மாதம் ஆட்டம் நின்றது. லைசென்ஸ் எல்லாம் ரத்து. பார்களில் ஆடிப் பிழைத்த பெண்கள் 75 ஆயிரம் பேர் என்று கோர்ட்டில் சொன்னார்கள். அந்த எண்ணில் பாதியைத் தள்ளிவிட்டாலும், ஒரே நாளில் வேலை போனவர்களின் கூட்டம் சின்னது அல்ல.

வேடிக்கை அடுத்த பிரிவில் இருந்தது. மூன்று நட்சத்திரம், அதற்கு மேற்பட்ட ஹோட்டல்களுக்கும் ஜிம்கானா மாதிரியான கிளப்புகளுக்கும் இந்தத் தடை கிடையாது! ஒரே ஆட்டம், ஒரே பாட்டு. செம்பூரில் சின்ன பாரில் ஆடினால் பெண்ணின் கண்ணியம் போய்விடும், கடற்கரையோர நட்சத்திர ஹோட்டலில் ஆடினால் போகாது. பில் தொகை ஏற ஏற கண்ணியமும் ஏறும் போலிருக்கிறது.

2006 ஏப்ரலில் பம்பாய் ஹைகோர்ட் இந்தச் சட்டப் பிரிவை ரத்து செய்தது. அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. தடை தொடர்ந்தது. 2013 ஜூலை 16ம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் ஹைகோர்ட் சொன்னதே சரி என்றது. நோயைவிட மருந்து மோசமாகிவிட்டது, தடையால் வேலை இழந்த பல பெண்கள் உடலை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள் என்று அந்தத் தீர்ப்பு வருத்தப்பட்டது. சரி, இனிமேலாவது லைசென்ஸ் கொடுப்பார்கள் என்று பார்த்தால், 2014ல் மறுபடி ஒரு சட்டம். நட்சத்திர ஹோட்டலுக்கு விலக்கு கொடுத்ததுதானே குற்றம்? இதோ, எல்லோருக்கும் தடை! 2015ல் அதற்கும் சுப்ரீம் கோர்ட் இடைக்காலத் தடை போட்டது. 2016ல் மூன்றாவது சட்டம். இந்தத் தடவை கெட்டிக்காரத்தனமாகத் தடை என்ற வார்த்தையையே விட்டுவிட்டார்கள். நிபந்தனைகளாக அடுக்கினார்கள்.

அந்த நிபந்தனைகளைப் படிக்க வேண்டும், ரசிக்க வேண்டும். கோயிலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் டான்ஸ் பார் இருக்க வேண்டுமாம். மும்பையில்! எந்தத் திசையில் ஒரு கிலோமீட்டர் நடந்தாலும் நாலு பிள்ளையார் கோயிலும் இரண்டு பள்ளிக்கூடமும் வரும் ஊரில், அந்த நிபந்தனைக்கு உட்பட்ட இடம் அரபிக்கடலுக்குள்தான் கிடைக்கும். ஆடும் இடத்தில் மது பரிமாறக் கூடாது. ஆடும் இடத்துக்கும் பாருக்கும் நடுவே தடுப்புச் சுவர் வேண்டும். உள்ளே கண்காணிப்பு கேமரா வேண்டும். விண்ணப்பிப்பவர் நல்ல நடத்தை உள்ளவராக இருக்க வேண்டும். யாருடைய அளவுகோலில் நல்லவர் என்று சட்டம் சொல்லவில்லை.

2019 ஜனவரி 17ம் தேதி நீதிபதிகள் ஏ.கே. சிக்ரியும் அசோக் பூஷணும் இவற்றில் பெரும்பாலானதைத் தூக்கி எறிந்தார்கள். டிப்ஸ் கொடுக்கலாம், ஆனால் நோட்டை மேலே வீசக் கூடாது என்றார்கள். 2005க்குப் பிறகு லைசென்ஸே வழங்கப்படவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். சாயந்திரம் ஆறு மணி முதல் ராத்திரி பதினொன்றரை மணி வரை என்கிற நேரக் கட்டுப்பாட்டில் மட்டும் கை வைக்கவில்லை.

தீர்ப்பு பெண்களுக்கு நியாயம் செய்தது. அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை அந்தப் பதினாலு வருஷத்தோடுதான். அரசு வக்கீல்கள் வாதாடினார்கள், பார் முதலாளிகள் வாதாடினார்கள், பெண்களின் சங்கமும் வாதாடியது. கண்ணியம், ஆபாசம், தொழில் செய்யும் உரிமை, சமத்துவம் என்று பெரிய பெரிய சொற்கள். பதினொன்றரை மணி என்பதை யாருக்காக வைத்தார்கள்? பக்கத்துக் கட்டடத்தில் தூங்குகிறவருக்காகவா? பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்து தனியாக வீட்டுக்குப் போகும் பெண்ணுக்காகவா? அந்த நேரத்தை மாற்ற வேண்டுமென்றால், அடுத்த புதுப்பித்தலின்போது யார் யாரிடம் கேட்க வேண்டும்? சட்டத்துக்கு மேல் சட்டம் போட்ட அரசுக்கு இந்தக் கேள்விகள் தோன்றவே இல்லை. எண்ணம் ஒழுங்குபடுத்துவதாக இருந்தால் தோன்றியிருக்கும். ஒழித்துக்கட்டுவதாக இருந்ததால் தோன்றவில்லை.

மும்பைக்காரர்களைச் சொல்லிவிட்டு நாம் யோக்கியர்கள் மாதிரி உட்கார முடியாது.

அதே 2005ம் வருஷம். சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் நடந்த ராத்திரி விருந்தின் படங்கள் பத்திரிகையில் வந்தன. இளைஞர்கள், முத்தம், கையில் கிளாஸ். தமிழ்ப் பண்பாடு ஆபத்தில் என்று ஒரே கூக்குரல். குஷ்பு பேட்டிக்காக ஊரெல்லாம் கேஸ் போட்டுக்கொண்டிருந்த சீசன் வேறு. போலீஸ் பார் லைசென்ஸை நிறுத்தி வைத்தது. அந்தப் படங்கள் வருவதற்கு முந்தைய வாரம் வரை அந்த லைசென்ஸில் ஒரு குறையும் யாருக்கும் தெரியவில்லை. அதே கட்டடம், அதே சத்தம், அதே நேரம். மாறியது ஒன்றே ஒன்று, படம் வெளியானது.

2023ல் நடந்தது இன்னும் சுவாரசியம். மார்ச் மாதம் தமிழக அரசு கெஜட்டில் சத்தமில்லாமல் ஒரு விதித் திருத்தம் வந்தது. மாநாட்டுக் கூடம், விளையாட்டு மைதானம், கல்யாண மண்டபம், வீட்டு விசேஷம் என எல்லா இடத்திலும் மது பரிமாற சிறப்பு லைசென்ஸ் வாங்கலாம். ஒரு மாதம் கழித்துத்தான் செய்தி வெளியே தெரிந்தது. தெரிந்ததும் கல்யாண மண்டபத்தில் சரக்கா என்று எல்லாக் கட்சியும் பாய்ந்தது. உடனே கல்யாண மண்டபத்துக்குக் கிடையாது என்று அரசு பின்வாங்கியது. கிரிக்கெட் மைதானமும் மாநாட்டுக் கூடமும் நீடித்தன. கல்யாண மண்டபத்துக்குக் கட்சிகள் இருந்தன. மைதானத்தைச் சுற்றி இருக்கும் தெருக்காரர்களுக்குக் கட்சி இல்லை. அவர்களைக் கொடுக்கும் முன்பும் கேட்கவில்லை, எடுக்கும்போதும் கேட்கவில்லை.

மது விஷயத்தில் தமிழ்நாட்டு அரசுக்கு இன்னொரு தர்மசங்கடம் உண்டு. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையே அரசுதான். லைசென்ஸ் கொடுப்பவரும் வியாபாரியும் ஒரே குடும்பம். 2024-25ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். கணக்குப் படித்தவனாகச் சொல்கிறேன், இவ்வளவு பணம் வரும் ஒரு வரவினத்தைப் பற்றி எந்த நிதித்துறையும் தெருக்காரரிடம் போய் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று தானாகக் கேட்காது. சட்டம் கட்டாயப்படுத்தினால்தான் கேட்கும்.

நேரத்திலும் ஒரு சாதி வித்தியாசம் இருக்கிறது. 2016லிருந்து டாஸ்மாக் கடைக்கு மதியம் பன்னிரண்டு முதல் ராத்திரி பத்து. அதற்கு மேல் குடிக்க வேண்டுமென்றால் ஹோட்டல் பாருக்கோ கிளப்புக்கோ போகிற வசதி வேண்டும். அதாவது பின்னிரவு என்பது பணக்காரர்களின் சொத்து. கூலிக்காரர் பத்தரை மணிக்குத் தெருவில் நின்றால் போலீஸ் ஊதச் சொல்லும். இதை யாரும் பண்பாட்டுப் பிரச்னையாகப் பேசியதில்லை.

சரி, உலகத்தில் வேறு எங்காவது பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிறார்களா?

இங்கிலாந்தில் கேட்கிறார்கள். 2003ம் வருஷ லைசென்ஸ் சட்டம் 2005 நவம்பரில் முழுதாக அமலுக்கு வந்தது. அதன்படி ஒருவர் பார் திறக்கவோ, ராத்திரி பாட்டு நடனம் வைக்கவோ விண்ணப்பித்தால், அதைப் பற்றிய நீல நிற அறிவிப்பு ஒன்றை வாசலில் 28 நாள் ஒட்டி வைக்க வேண்டும். தெருவில் போகிற வருகிறவர் படிக்கும்படி. யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். ஆட்சேபம் வந்தால் உள்ளூர் கவுன்சிலர்கள் உட்கார்ந்து விசாரிப்பார்கள். அப்படிக் கிடைத்த லைசென்ஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியதில்லை, கட்டணம் கட்டினால் போதும். ஆனால், எந்த வருஷமும் எந்த மாதமும் ஒரு குடியிருப்புக்காரர் மனு கொடுத்து மறுபரிசீலனை கேட்கலாம். புதுப்பித்தல் என்கிற சடங்கு இல்லை, கேள்வி கேட்கும் உரிமை எப்போதும் இருக்கிறது. நம் ஊரில் நேர்மாறு.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. கவுன்சிலர்கள் நாலே நாலு விஷயங்களைத்தான் பார்க்கலாம். குற்றம் ஒழுங்கீனம் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுப்பது, குழந்தைகளுக்குத் தீங்கு வராமல் காப்பது. அவ்வளவுதான். பண்பாடு அந்தப் பட்டியலில் இல்லை. பாவாடை நீளம் இல்லை.

அங்கேயும் எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். லண்டனில் ஃபேப்ரிக் என்று பிரபலமான நைட் கிளப். 2016 கோடையில் அங்கு போன 18 வயதுப் பையன்கள் இரண்டு பேர் போதை மருந்தால் இறந்தார்கள். செப்டம்பரில் இஸ்லிங்டன் கவுன்சில் விசாரணை நள்ளிரவைத் தாண்டி நடந்தது. லைசென்ஸ் ரத்து. ஆயிரக்கணக்கில் கையெழுத்து வேட்டை, பாட்டுக்காரர்களின் கொதிப்பு. நவம்பரில் கவுன்சிலும் கிளப்பும் உட்கார்ந்து பேசினார்கள். அடையாள அட்டையை ஸ்கேன் செய்வது, வார இறுதி ராத்திரிகளில் 19 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிக்காதது என்று புது நிபந்தனைகள். 2017 ஜனவரியில் கிளப் திறந்தது. நாலே மாதம்! இரண்டு உயிர் போன ஒரு வழக்கை அவர்கள் நாலு மாதத்தில் பேசி முடித்தார்கள். யாரும் சாகாத ஒரு வழக்கை நாம் பதினாலு வருஷம் இழுத்தோம்.

கேட்கும் முறை தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் இருக்கிறது. 1926ல் அங்கு கேபரே சட்டம் என்று ஒன்று போட்டார்கள். பாரில் ஆட்கள் எழுந்து நடனம் ஆடுவதற்கே தனி லைசென்ஸ்! கறுப்பர்களின் ஜாஸ் கிளப்புகளை மிரட்டத்தான் அது பயன்பட்டது. பின்னால் பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லோருக்கும் போலீஸ் கொடுக்கும் அட்டை வேண்டும் என்றார்கள். பில்லி ஹாலிடே என்ற அற்புதமான பாடகிக்கு அந்த அட்டை பறிபோனது. நியூயார்க் கிளப்புகளில் பாட முடியாமல் போனது. அந்தச் சட்டத்தை ஒழிக்க 2017 வரை, 91 வருஷம் ஆனது.

இந்த விஷயங்களை எல்லாம் நான் முதலில் உரக்கப் பேசியது சென்னையிலோ மும்பையிலோ அல்ல. சித்தேரியில். தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். வாச்சாத்தி பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது இந்த மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. மேலே ஏறினால் சித்தேரி ஊராட்சி. அறுபதுக்கும் மேற்பட்ட குக்கிராமங்கள். மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள்.

வேறு ஒரு கட்டுரைக்காகப் போயிருந்தேன். டீக்கடையில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தால், ஏதோ ஒரு நகரத்தில் ஏதோ ஒரு பார் சர்ச்சை. கடைக்கார அக்கா எட்டிப் பார்த்து விவரம் கேட்டார். சொன்னேன்.

“ஏங்க சார், அந்தப் பக்கத்து ஊட்டுக்காரங்கள யாரும் கேக்க மாட்டாங்களா?” என்றார்.

“இல்லக்கா, அப்படி ஒண்ணும் வழி கிடையாது.”

“இங்க ஒரு பொட்டிக்கடை வெக்கறதுன்னாலே ஊர்க்கவுண்டர்கிட்ட சொல்லணும், நாலு பேரு கேப்பாங்க. பட்டணத்துல அதுகூட இல்லையா?”

எனக்கு டீ ஆறிப்போனது. அந்த அக்கா சொன்னதை ஊர் வழக்கம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், இந்தியாவில் அது சட்டமாகவே இருக்கிறது என்பதுதான் விசேஷம். பட்டியல் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டம், 1996. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து பெசா என்பார்கள். பழங்குடிப் பகுதிகளில் மதுவிலக்கு கொண்டுவரவும், போதைப் பொருள் விற்பதையும் குடிப்பதையும் கட்டுப்படுத்தவும் கிராம சபைக்கோ பஞ்சாயத்துக்கோ அதிகாரம் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. மூக்குத்தி போட்ட ஒரு பாட்டி கிராம சபையில் கை தூக்கினால் அதற்குச் சட்ட மதிப்பு உண்டு.

சித்தேரி பாட்டிக்கு உண்டா? கிடையாது. பெசா சட்டம் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். பத்து மாநிலங்களில் அந்தப் பகுதிகள் இருக்கின்றன. ஆந்திராவில் உண்டு, தெலங்கானாவில் உண்டு, மகாராஷ்டிராவில் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு அங்குலம்கூட இல்லை. கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி, கொல்லி என்று இத்தனை மலைகள், இத்தனை பழங்குடிகள், ஆனால் அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றும் இல்லை. ஆகவே, சித்தேரி கிராம சபையில் மதுக்கடைக்கு எதிராகத் தீர்மானம் போட்டால், பெசா தரும் பலம் அதற்குப் பின்னால் கிடையாது. கலெக்டருக்குப் போகும் இன்னொரு காகிதம், அவ்வளவே.

டான்ஸ் பார் விஷயத்தில் அவ்வளவு கூத்தடித்த அதே மகாராஷ்டிராவில், பட்டியல் பகுதி அல்லாத சாதாரண கிராமத்துக்கும் நகர வார்டுக்கும்கூட ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மதுக்கடை வேண்டாம் என்று வார்டுப் பெண்கள் போதுமான எண்ணிக்கையில் மனு கொடுத்தால், ரகசிய வாக்கெடுப்பு. சின்னம் என்ன தெரியுமா? நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில். கடை இருக்கட்டும் என்றால் நிற்கும் பாட்டில், மூடு என்றால் படுத்த பாட்டில். உபி பாட்லி, ஆடவி பாட்லி என்பார்கள் மராத்தியில். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற சின்னம். தேர்தல் கமிஷனுக்கே இவ்வளவு தெளிவான சின்னம் அமைந்ததில்லை.

உடனே ஒரு ஆட்சேபம் வரும். வரத்தான் வேண்டும். தெருக்காரரைக் கேட்டால் எந்தத் தெருவிலும் பார் வராது, ராத்திரி வாழ்க்கையே செத்துவிடும், கலாசாரக் கும்பல் அக்கம்பக்கத்தார் வேஷத்தில் புகுந்துவிடும் என்பார்கள். பொய் இல்லை. 2009 ஜனவரியில் மங்களூரில் ஒரு பப்புக்குள் புகுந்து பெண்களை அடித்து விரட்டியவர்களும் ஊரின் பெயரால்தான் அடித்தார்கள். டி.வி.யில் நாடே பார்த்த அந்தக் காட்சிக்கான வழக்கில் 2018ல் எல்லோரும் விடுதலையானார்கள் என்பது தனிக் கதை.

அதனால்தான் எதைக் கேட்கலாம் என்பதைச் சட்டம் எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். சத்தத்தைப் பற்றிக் கேட்கலாம். 2000ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல், வணிகப் பகுதியில் 55 என்று வரம்பு வைத்திருக்கின்றன. புதுப்பிக்கும்போது போன வருஷத்து ராத்திரிகளின் அளவைக் காட்டு என்று கேட்பதற்கு எந்தப் பண்பாட்டு அறிவும் தேவையில்லை, ஒரு மீட்டர் போதும். வண்டி எங்கே நிற்கும் என்று கேட்கலாம். மூடிய பிறகு ஊழியர்கள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்கலாம். யார் என்ன உடை போட்டு ஆடுகிறார்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட வேண்டும்.

தூரத்தை மட்டும் விதியாக வைத்தால் என்ன நடக்கும் என்று 2017ல் பார்த்தோம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. கேரளாவில் வடக்குப் பறவூரில் ஒரு பார்க்காரர் என்ன செய்தார்? பாரை நகர்த்தவில்லை. வாசலில் தடுப்புகளை வைத்து, வளைந்து வளைந்து நடந்து வருகிற மாதிரி ஒரு சுற்றுவழி கட்டிவிட்டார். நடக்கும் தூரம் 500 மீட்டரைத் தாண்டியது! குடிக்கப் போகிறவர் பரவாயில்லை, திரும்பி வருகிறவர் எப்படி வழி கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் சந்தேகம். சட்டத்தின் எழுத்து நிறைவேறியது. பக்கத்தில் குடியிருப்பவருக்கோ பார் இருந்த இடத்திலேயே இருந்தது.

வேடிக்கை இல்லாத ஒன்றும் இருக்கிறது. 2025 டிசம்பர் 6ம் தேதி ராத்திரி, கோவாவில் அர்போரா என்ற ஊரில் ஒரு கேளிக்கை விடுதியில் தீப்பிடித்தது. நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த நேரம். 25 பேர் செத்தார்கள். அவர்களில் சுற்றுலா வந்தவர்கள் ஐந்து பேர்தான். 20 பேர் அங்கே வேலை பார்த்தவர்கள். சமையல்காரர், பரிமாறுபவர், காவலாளி. ஜார்க்கண்ட், அசாம், உத்தரகாண்ட், நேபாளம் என்று எங்கெங்கோ மலையும் காடுமான ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கீழ்த்தளத்துச் சமையலறைப் பக்கம் ஓடி, வெளியே வர வழியில்லாமல் பலர் புகையில் மூச்சுத் திணறிப் போனார்கள். சித்தேரியிலிருந்தும் இப்படித்தான் பையன்கள் வேலை தேடி வெளியூர் போகிறார்கள்.

அந்தக் கட்டடத்தை இடிக்கச் சொல்லி ஏற்கெனவே பஞ்சாயத்து நோட்டீஸ் கொடுத்ததாகவும், மேலே உள்ள பஞ்சாயத்து இயக்குநரகம் அதற்குத் தடை கொடுத்துவிட்டதாகவும் அந்த ஊர் சர்பஞ்ச் விபத்துக்குப் பிறகு சொன்னார். பஞ்சாயத்து ஒழுங்காக இருந்ததா, இல்லையா என்பதை விசாரணை சொல்லட்டும். ஆனால் ஊர்க்காரர், தொழிலாளி, தீயணைப்பு அதிகாரி என மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து, இந்தக் கட்டடத்துக்கு எத்தனை வாசல் என்று கேட்கும் ஒரு நாள் அந்த ஊரின் நடைமுறையில் இருந்திருந்தால்? மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பரில் மொட்டை மாடி பாரில் 14 பேர் இறந்தபோதே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். அப்போதும் ஒரு மாதம் அதிகாரிகள் கடைகளை இடித்தார்கள், படம் வந்தது, பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

புதுப்பித்தல் நாள் என்று ஒன்றை நம் சட்டங்கள் ஏற்கெனவே வைத்திருக்கின்றன. இங்கிலாந்தில்கூட இல்லாத வசதி. அதைக் கட்டணம் வசூலிக்கும் நாளாக மட்டும் வைத்திருப்பதுதான் குறை. சென்னையில் சோதனையாக ஒரு நாற்பது ஐம்பது பார்களில் தொடங்கலாம். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு, வாசலில் தமிழில் ஒரு அறிவிப்பு. எத்தனை மணி வரை அனுமதி கேட்கிறார்கள், எத்தனை பேர் கொள்ளளவு, எத்தனை வெளியேறும் வழி, ஆட்சேபத்தை எங்கே, எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும். நாலு வரி. செலவு, காகிதத்துக்கும் ஒரு டப்பா பசைக்கும். 48,344 கோடியில் அது எந்தத் தலைப்பில் வரும் என்று நிதித்துறை யோசிக்கட்டும். இதர செலவினங்கள் என்று போட்டுக்கொள்ளலாம்.